ஜிஆர்இ இரண்டாவது முறை எழுதினால் பல்கலைக்கழகம் என்ன நினைக்கும்?

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் கடைசியில், வெளிநாட்டு முதுநிலைப் படிப்பில் சேர்வதற்கான ஜிஆர்இ தேர்வை எழுதியிருக்கிறார். கணக்குப் பகுதியான குவாண்டில் 162, ஆங்கிலப் பகுதியான வெர்பலில் 147, கட்டுரையில் 3.0. தேர்வுக்கு முன் வீட்டில் பவர்ப்ரெப் என்ற அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு இரண்டை எழுதியபோது குவாண்ட் 166, வெர்பல் 152 அளவில் வந்ததாம். அமெரிக்காவில் எம்எஸ் சேர வேண்டும், முதல் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி டிசம்பர் 15. அவருக்கு மூன்று கவலைகள். இரண்டாவது முறை எழுதினால் பல்கலைக்கழகம் மட்டமாக நினைக்குமா? இரண்டாவது ஸ்கோர் குறைந்துவிட்டால் முதலாவதும் கெட்டுப்போகுமா? அப்பாவிடம் மறுபடி இவ்வளவு பணம் கேட்பது நியாயமா?

தம்பி, முதல் கவலைக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்களாகச் சொன்னால் ஒழிய நீங்கள் இரண்டு முறை எழுதியது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்காக உங்கள் விண்ணப்பத்தை யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள். இரண்டாவது கவலையும் தேவையில்லை. ஆகஸ்டில் வாங்கிய ஸ்கோர் ஐந்து வருடம் உங்களுடையது, அடுத்த தேர்வில் என்ன நடந்தாலும் அது மாறாது. பணமும் நேரமும் சம்பந்தப்பட்ட மூன்றாவது கேள்விதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. ஆனால் நம் பிள்ளைகள் பெரும்பாலானவர்கள் முதல் இரண்டிலேயே மனசைப் போட்டு உழப்பிக்கொண்டு, மூன்றாவதை அவசரத்தில் முடிவு செய்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் 2008இல் இதே தேர்வை இரண்டு முறை எழுதியவன். பிறகு அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, துறையின் முதுநிலைச் சேர்க்கைக் குழுவில் நான்கு ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் கல்லூரிகளில் 'ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்' என்பது பெரிய விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு வேண்டுமென்றால் எல்லாத் தாளையும் முதல் முறையே பாஸ் செய்திருக்க வேண்டும். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் நிற்கும் அரியர் மட்டுமல்ல, 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' உண்டா என்றும் கேட்கின்றன. இரண்டாவது முறை எழுதி 90 வாங்கினாலும் அது அரியர் பேப்பர்தான். நான்கு வருடம் இந்தக் காற்றைச் சுவாசித்த ஒருவருக்கு, எந்தத் தேர்வையும் மறுபடி எழுதுவது ஒரு கறை போலத் தோன்றுவது இயல்பு. ஜிஆர்இயில் பாஸ், ஃபெயில் என்பதே கிடையாது. நடத்தும் இடிஎஸ் நிறுவனமே 21 நாள் இடைவெளி விட்டு, எந்த 12 மாதத்திலும் ஐந்து முறை வரை எழுதலாம் என்று விதி வைத்திருக்கிறது. மறுபடி எழுதுவது அந்தத் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சீனியர்களின் அறிவுரை. "எழுதின எல்லா ஸ்கோரும் போகும்டா, பாத்துக்கோ" என்று இன்றும் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2012 ஜூலைக்கு முன்பு, ஐந்து ஆண்டுக்குள் நீங்கள் எழுதிய எல்லாத் தேர்வின் மதிப்பெண்ணும் சேர்ந்தே அனுப்பப்பட்டது. நான் எழுதியபோது அப்படித்தான். மதுரையிலிருந்து இரவு பஸ் ஏறி, விடிகாலை சென்னையில் இறங்கி, கோயம்பேட்டில் முகம் கழுவிக்கொண்டு நேராகத் தேர்வு மையத்துக்குப் போனேன். வெர்பலில் 390 வந்தது, அப்போது 200 முதல் 800 வரையிலான பழைய அளவுகோல். இரண்டு ஸ்கோரும் போகும் என்று தெரிந்தும், பயந்துகொண்டே இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினேன், 470 வந்தது. சேர்ந்த பிறகு ஒருநாள் என் ஆலோசகப் பேராசிரியரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். என் பழைய கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் நான் இரண்டு முறை எழுதியிருந்ததே அவருக்குத் தெரிந்தது. சேர்க்கைக்காகப் படித்தபோது அது அவர் கண்ணிலேயே படவில்லை.

2012 ஜூலையில் ஸ்கோர்செலக்ட் என்ற ஏற்பாடு வந்தது. அதன் பிறகு எந்த நாளின் ஸ்கோரை அனுப்புவது என்பது எழுதியவரின் விருப்பம். நீங்கள் அனுப்பும் அறிக்கையில் அந்த நாளின் மதிப்பெண் மட்டும்தான் இருக்கும். இவர் வேறு நாள்களிலும் எழுதியிருக்கிறார் என்ற குறிப்பு எதுவும் அதில் இராது.

இதில் இரண்டு நுணுக்கங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வுக் கட்டணத்தோடு நான்கு இலவச அறிக்கைகள் தருவார்கள். அவற்றில் உங்களுக்கு இரண்டே வழி. அன்றைய ஸ்கோர் மட்டும் போகலாம், அல்லது ஐந்தாண்டில் எழுதிய எல்லாமே போகலாம். 'ஆகஸ்ட் ஸ்கோர் மட்டும்' என்று அன்று தேர்ந்தெடுக்க முடியாது, அதைப் பிறகு தனிக் கட்டணம் கட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆகவே இரண்டாவது தேர்வில் திரையில் வரும் எண் ஆகஸ்டை விடக் குறைவாக இருந்தால், அந்த நான்கு இலவசத்தையும் பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள். இலவசமாயிற்றே என்று மட்டமான ஸ்கோரை நான்கு இடத்துக்கு அனுப்பிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நாள் கணக்குத்தான், பகுதிக் கணக்கு கிடையாது. ஆகஸ்டின் குவாண்டையும் அக்டோபரின் வெர்பலையும் ஒட்டி இடிஎஸ் ஒரே அறிக்கையாகத் தராது. ஆங்கிலத் தேர்வான டோஃபலில் 2019 முதல் 'மைபெஸ்ட்' என்ற பெயரில் ஒவ்வொரு பகுதியின் சிறந்த மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். இரண்டையும் நடத்துவது இடிஎஸ்தான் என்பதால் ஜிஆர்இயிலும் அப்படி இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை.

சரி, ஒருவேளை இரண்டு ஸ்கோரும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். குழுவில் இருப்பவர் என்ன பார்க்கிறார்? நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். ஜனவரி முதல் வாரம் என் கணக்கில் நாற்பது விண்ணப்பங்கள் வந்து விழும். முதலில் ஒரு அட்டவணை. வரிசைக்கு ஒரு பெயர், படித்த கல்லூரி, சிஜிபிஏ, டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ், அப்புறம் ஜிஆர்இக்கு மூன்று சிறு கட்டங்கள். இரண்டு நாள் எழுதியவருக்கு, அதிகமான எண் எதுவோ அதையே அலுவலகம் அந்தக் கட்டத்தில் நிரப்பியிருக்கும். அதற்கு அடியில் இன்னொரு எண் இருப்பது, விண்ணப்பத்தின் முழுக் கோப்பையும் திறந்து கீழே இறங்கிப் போனால்தான் தெரியும். நான் இறங்கிப் போவது ஜிஆர்இக்காக அல்ல. மூன்றாம் ஆண்டு சிக்னல் ப்ராசஸிங் தாளில் என்ன கிரேடு, ப்ராஜெக்டைப் பற்றி எஸ்ஓபியில், அதாவது ஏன் சேர விரும்புகிறார் என்று விண்ணப்பதாரர் எழுதும் கட்டுரையில், எழுதியிருப்பதும் பரிந்துரைக் கடிதத்தில் ஆசிரியர் எழுதியிருப்பதும் ஒத்துப்போகின்றனவா, இவற்றைப் பார்க்கத்தான். நாற்பது கோப்பையும் முடித்துவிட்டு யார் எத்தனை முறை எழுதினார்கள் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எல்லாத் துறையும் இதே மாதிரி என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் ஒரே நாளின் சிறந்த ஸ்கோரை எடுத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் ஒரு நாளின் குவாண்டையும் இன்னொரு நாளின் வெர்பலையும் தாங்களே சேர்த்துப் பார்க்கிறார்கள், இதைத்தான் 'சூப்பர்ஸ்கோர்' என்கிறார்கள். கடைசியாக எழுதியதை மட்டும் பார்ப்பவர்கள் உண்டு, சராசரி எடுப்பவர்கள் மிகக் குறைவு. துறையின் சேர்க்கைப் பக்கத்தில் கேள்வி-பதில் பகுதியில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். அவர்கள் வேலையே இதற்குப் பதில் சொல்வதுதான், தயங்க வேண்டாம். சூப்பர்ஸ்கோர் பார்க்கும் துறை என்று தெரிந்தால் மட்டும், ஒரு நாள் குவாண்டும் இன்னொரு நாள் வெர்பலும் கூடியிருக்கும்போது இரண்டையும் அனுப்புவதில் லாபம் உண்டு.

விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணை நீங்களே டைப் செய்யும் இடம் வரும். அங்கே நீங்கள் அதிகாரப்பூர்வமாக அனுப்பப்போகும் நாளின் எண்களை அப்படியே போடுங்கள். ஆகஸ்ட் குவாண்டையும் அக்டோபர் வெர்பலையும் கலந்து ஒரே தேதியில் எழுதியதாகப் போட்டால், அறிக்கை வந்ததும் இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டு முறை எழுதியதால் யாருக்கும் கெட்ட பெயர் வரவில்லை. இந்த மாதிரி ஒட்டுவேலையால் கண்டிப்பாக வரும். எந்தப் படிவமாவது 'எழுதிய எல்லாத் தேதியையும் குறிப்பிடுக' என்று வெளிப்படையாகக் கேட்டால், உள்ளபடி எழுதிவிடுங்கள்.

நாலு முறை, ஐந்து முறை எழுதி அத்தனையும் ஒரே கோப்பில் வந்தால்? அப்போது ஒரு எண்ணம் வரத்தான் செய்யும். 160, 161, 160, 162 என்று வரிசையாக நின்றால், இவருடைய அளவு இதுதான், இந்த ஒரு வருடத்தை வேறு எதற்காவது செலவிட்டிருக்கலாமே என்று படிப்பவருக்குத் தோன்றும். இரண்டாவது முறைக்கு அப்படித் தோன்றாது. மூன்றாவது முறைக்கும், ஏற்றம் தெளிவாகத் தெரிந்தால், தோன்றாது.

வேறு தேர்வு எழுதுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு குறிப்பு. எம்பிஏவுக்கான ஜிமேட், 2023 நவம்பரில் புது வடிவத்துக்கு மாறியது. அதில் ஸ்கோரைப் பார்த்த பிறகே எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம், அனுப்பியது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அங்கே இடைவெளி 16 நாள். அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட் நேர் எதிர். ஐந்தாண்டுக்குள் வந்த எல்லா மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும். ஆனால் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2006இல் தன் விதியை மாற்றி, சேர்ந்த மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணுக்குப் பதிலாக அதிகபட்ச மதிப்பெண்ணைக் கணக்குக் காட்டச் சொன்னது. அதிலிருந்து சட்டக் கல்லூரிகளே அதிகபட்சத்தைத்தான் பெரும்பாலும் பார்க்கின்றன, அவர்களுடைய தரவரிசைக்கு உதவுவது அந்த எண்தான். மருத்துவத்துக்கான எம்கேட்டிலும் எல்லாமே போகும், வாழ்நாளில் மொத்தம் ஏழு முறைதான். அங்கே மறுதேர்வு என்பது நன்றாக யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். ஜிஆர்இக்கு அந்தப் பயம் தேவையில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி எழுதினால் ஏறுமா?

நீங்கள் 309 என்று கூட்டிச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கூட்டலை மறந்துவிடுங்கள். இடிஎஸ் தரும் அறிக்கையில் மொத்தம் என்று ஒரு எண்ணே கிடையாது. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள் என்றுதான் அவர்கள் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறார்கள். காரணமும் இருக்கிறது. குவாண்டில் மேல்தட்டு ரொம்ப நெரிசல். முழு 170 வாங்கினாலும் 95ஆவது பெர்சன்டைலை எட்டாது, அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 95 பேரை முந்தியதாகாது. 160 என்பது ஏறத்தாழ பாதிப் பேரை ஒட்டித்தான் வரும். வெர்பலில் அதே 160 வாங்கினால் 80ஆவது பெர்சன்டைலுக்கு மேலே போய்விடுவீர்கள். இசிஇ எம்எஸ் சேர்க்கையில் குவாண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். 162இலிருந்து 167க்கு ஏறுவது, வெர்பல் 147இலிருந்து 152க்கு ஏறுவதை விட உங்களுக்கு அதிகம் உதவும். கன்சல்டன்சிகளில் இரண்டையும் கூட்டி 'உங்களுக்கு 315 வேணும்' என்பார்கள். குவாண்டில் எவ்வளவு, வெர்பலில் எவ்வளவு சேர்ந்து 315 என்று கேளுங்கள்.

எந்தத் தேர்விலும் ஒருவருடைய ஸ்கோர் இரண்டு புள்ளி முன்பின் ஆடும். அன்றைய தூக்கம், வந்த கேள்விகள், இரண்டு இடத்தில் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். 165 வாங்கியவர் 167க்காக மறுபடி எழுதினால் அந்த ஆட்டத்தோடுதான் சூதாடுகிறார். நீங்கள் அப்படி இல்லை. வீட்டில் வந்ததற்கும் மையத்தில் வந்ததற்கும் குவாண்டில் 4, வெர்பலில் 5 இடைவெளி. இது ஆட்டத்தை மீறிய இடைவெளி. ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அது என்னவென்று தெரிந்தால் மறுபடி எழுதுங்கள், தெரியாவிட்டால் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

தேடும்போது, வீட்டில் வந்த எண் நிஜமான எண்தானா என்பதிலிருந்து தொடங்குங்கள். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனீர்களா? முதலில் கட்டுரை எழுதாமல் நேராகக் குவாண்டுக்குப் போனீர்களா? அதே மாதிரித் தேர்வை இரண்டாவது தடவை எழுதினீர்களா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால், 166 என்பது உங்கள் நிஜ எண் இல்லை, இடைவெளியும் நீங்கள் நினைப்பது போல் இல்லை.

அடுத்தது தேர்வின் அமைப்பு. 2023 செப்டம்பரிலிருந்து ஜிஆர்இ சுருங்கி 1 மணி 58 நிமிடத் தேர்வாகிவிட்டது. குவாண்டில் முன்பு 40 கேள்விகள், இப்போது 27. முதல் பகுதியில் 12 கேள்வி, 21 நிமிடம். அதில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, 15 கேள்வி கொண்ட இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். முதல் பன்னிரண்டில் கவனக்குறைவால் சிலதைத் தவறவிட்டால் எளிய பகுதிக்குத் தள்ளப்படுவீர்கள். அங்கே எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் உச்சிக்குப் போக முடியாது. 'ரெண்டாவது செக்‌ஷன் ரொம்ப ஈசியா இருந்துச்சு, ஆனா ஸ்கோர் வரல' என்று நம் பிள்ளைகள் வந்து சொல்வதன் காரணம் இதுதான். இரண்டாவது பகுதி உங்களுக்கு எளிதாக இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆம் என்றால் கோளாறு முதல் 21 நிமிடத்தில்.

எந்த மாதிரிக் கவனக்குறைவு என்பதற்கு ஒரு கேள்வி சொல்கிறேன். பூஜ்ஜியம் அல்லாத ஓர் எண். அ பக்கம் அதன் வர்க்கம், ஆ பக்கம் அதன் கனம். எது பெரியது? நம் ஊர்ப் பையன் மனதில் 2 போடுவான், 4, 8. ஆ பெரியது. சந்தேகத்துக்கு 3 போடுவான், 9, 27. ஆ என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். பத்து வினாடிதான் ஆயிற்று, வேகமாகப் போகிறோம் என்ற திருப்தி வேறு. 1 போட்டிருந்தால் இரண்டும் சமம். அரை போட்டிருந்தால் கால், அரைக்கால், அ பெரியது. கழித்தல் 1 போட்டிருந்தால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் கழித்தல் 1. சரியான விடை, தீர்மானிக்க முடியாது. ஜேஇஇக்குப் படித்த பிள்ளைகூட இந்த இடத்தில் சறுக்கும், ஏனென்றால் கணக்குத் தெரியாத பிரச்சினை இல்லை இது. நான் மாணவர்களிடம் சொல்வது, இந்த வகைக் கேள்வியில் விடையை அழுத்துவதற்கு முன் பூஜ்ஜியம், ஒன்று, பின்னம், எதிர்ம எண் நான்கையும் விரல் விட்டுப் பாருங்கள் என்பதுதான். கேள்வியே பூஜ்ஜியத்தை விலக்கியிருந்தால் மூன்று. இருபது நாளில் இது கைக்கு வந்துவிடும்.

இதற்காக ஒரு நோட்டுப் போடுங்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி, காரணம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். கணக்குத் தெரியாமல் போனதா, கேள்வியைத் தப்பாகப் படித்ததா, நேரம் போதாமல் அடித்துவிட்டதா. இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறைந்திருக்கும். அதுதான் உங்கள் நோய். புதிதாக ஐந்நூறு கேள்வி போடுவதை விட அந்த ஒரு பக்கத்தைச் சரிசெய்வது ஸ்கோரை ஏற்றும். அதே புத்தகம், அதே வேகம், அதே பழக்கத்தோடு 21ஆம் நாள் போய் உட்கார்ந்தால் அதே 162தான் வரும்.

வெர்பல் 147ஐப் பற்றி. ஐந்து வாரத்தில் ஆயிரக்கணக்கான சொற்களை மனப்பாடம் செய்து பெரிய ஏற்றம் காண்பது கடினம். நான் எழுதிய காலத்தில் எதிர்ச்சொல், ஒப்புமை என்று சொற்பட்டியலையே நம்பிய கேள்விகள் இருந்தன. 2011 ஆகஸ்டில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது கேட்பதெல்லாம் வாக்கியத்தின் திருப்பம். 'ஆனாலும்', 'இருந்தபோதிலும்' என்ற பொருளில் ஒரு சொல் வந்ததும் கோடிட்ட இடத்தில் எதிர்ப்பொருள் வேண்டும் என்பதைப் பிடிக்கிறீர்களா என்பதுதான் சோதனை. அதைப் பழகினால் இரண்டு மூன்று புள்ளி வரும். உங்கள் துறைக்கு 150ஐத் தொட்டால் போதும், அதற்கு மேல் உழைப்பைக் குவாண்டில் போடுங்கள்.

கட்டுரையில் 3.0 என்பதை மட்டும் சாதாரணமாக விடாதீர்கள். எங்கள் குழுவில் எஸ்ஓபி மிக அழகாக இருந்து, ஜிஆர்இ கட்டுரை 2.5, 3.0 என்று இருந்தால், இந்த எஸ்ஓபியை யார் எழுதியது என்ற கேள்வி எழும். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறேன். 3.5க்கு வந்துவிட்டால் அந்தப் பேச்சே வராது. அரை மணி நேரம், ஒரு கருத்து, அதை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று எழுத வேண்டும். வாரத்துக்கு இரண்டு கட்டுரை, கடிகாரம் வைத்து, ஸ்பெல்செக் இல்லாத பெட்டியில் டைப் செய்யுங்கள். கடைசி நான்கு நிமிடம் திருத்தத்துக்கு என்று ஒதுக்குங்கள்.

இவ்வளவையும் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் துறைகளில் எத்தனை ஜிஆர்இயைப் பார்க்கின்றன என்று எண்ணுங்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு நிறையத் துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. எம்ஐடியின் மின்பொறியியல்-கணினி அறிவியல் துறை ஜிஆர்இ கேட்பதே இல்லை. 'தேவையில்லை, அனுப்பினாலும் பார்க்க மாட்டோம்' என்பது ஒரு வகை. 'விருப்பம் இருந்தால் அனுப்பலாம்' என்பது வேறு வகை. இரண்டாவது வகையில், உங்கள் சிஜிபிஏ சுமாராக இருந்து குவாண்ட் 167 இருந்தால் அனுப்புங்கள், அது கைகொடுக்கும். சிஜிபிஏ 9க்கு மேல் இருந்து குவாண்ட் 162 என்றால் அனுப்பாமல் விடுவதே நல்லது. உங்கள் பட்டியலில் பன்னிரண்டு இருக்கிறது என்றீர்கள். அதில் நான்கைந்துதான் ஜிஆர்இயைக் கட்டாயமாகக் கேட்கின்றன என்று தெரிந்தால், மறுபடி எழுதும் அவசியமே குறைந்துவிடும்.

சிஜிபிஏ எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நிற்கும் அரியர் ஏதாவது இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மூன்றாம் ஆண்டு மார்க்ஷீட்டில் இருக்கும் ஓட்டையை ஐந்து புள்ளி ஜிஆர்இ அடைக்காது.

காலக்கணக்கு. 21 நாள் விதி உங்களுக்கு ஏற்கெனவே தாண்டிவிட்டது. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஒரு தேதி எடுத்தால் ஐந்து வாரத்துக்கு மேல் கையில் இருக்கும். ஸ்கோர் எட்டிலிருந்து பத்து நாளில் வரும், நவம்பர் தொடக்கத்தில் உங்கள் கையில். டிசம்பர் 15க்கு அது தாராளம். நவம்பர் கடைசி வரை தள்ளிப்போட வேண்டாம். நவம்பர் மாதம் எஸ்ஓபிக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் உரியது. ஆசிரியர்களிடம் இப்போதே போய்க் கேட்டுவிடுங்கள், எச்ஓடியைத் தேடி டிசம்பர் 12ஆம் தேதி ஓடுவது நல்லதல்ல. மறுதேர்வால் விண்ணப்பம் கெட்டுப்போனதை நான் பார்த்தது ஒரே ஒரு வழியில்தான். ஜிஆர்இக்கு நாலு புள்ளி ஏற்றிவிட்டு, எஸ்ஓபியை இரண்டு ராத்திரியில் எழுதி அனுப்பியவர்களின் கோப்பு அது. படிக்கும்போதே தெரிந்துவிடும்.

தேர்வு முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும், ஸ்கோரைப் பதிவு செய்யவா, ரத்து செய்யவா என்று. ஸ்கோரைக் காட்டுவதற்கு முன்பே கேட்பார்கள். மனசு படபடக்கும், சரியாகச் செய்யவில்லை என்று தோன்றும், கை ரத்து பக்கம் போகும். போக விடாதீர்கள். மோசமாக இருந்தால் யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம், அதனால் ரத்து செய்வதில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. ரத்து செய்தாலும் அது உங்கள் ஐந்து வாய்ப்பில் ஒன்றாகவே எண்ணப்படும். அப்புறம், முதல் நாளே ஊருக்குப் போய்த் தங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, இனிஷியல் விரிவு உட்பட, அப்படியே பதிவு செய்யுங்கள்.

பணம். இந்தியாவில் தேர்வுக் கட்டணம் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை, நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வீடு பன்னிரண்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணமும் கட்டப்போகிறது. பல இடங்களில் ஒவ்வொன்றுக்கும் 75 டாலரிலிருந்து 120 டாலர் வரை ஆகும், ஸ்கோர் அனுப்பும் செலவு தனி. அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். 'சும்மா போட்டுப் பாப்போம்' என்று சேர்த்த பெயர்கள் அதில் குறைந்தது மூன்று இருக்கும். அந்த மூன்றை அடித்துவிட்டு, மிச்சமாகும் தொகையைக் காட்டி அப்பாவிடம் பேசுங்கள். தவறுகளை எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.